எங்கத்த மீன் இது? கேட்டு வாங்கும் முறை

கல்முனைச் சந்தையில் ஒரு கிலோ மீன் வாங்க மூன்று நிமிடம் போதும். இந்த அத்தியாயத்தில் உள்ளபடி செய்தால் ஐந்து நிமிடம் ஆகும். கூடுதலான அந்த இரண்டு நிமிடமும் கேள்வி கேட்பதற்கு: மீன் எந்தக் கரையில் இறங்கியது, எந்த வலையில் பட்டது, பட்டு எத்தனை நாள்.

கண்ணையும் செவுளையும் பார்த்து மீன் வாங்கத் தெரியாதவர் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இருக்க மாட்டார். அதை உங்கள் உம்மா சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருப்பார். ஆனால் வெடி வைத்துப் பிடித்த மீனின் கண்ணும் பளபளப்பாகத்தான் இருக்கும். தடைசெய்யப்பட்ட சுறாவும் பிடித்த அன்று புதிய மீன்தான். புதிதா என்று பார்ப்பது ஒரு சோதனை, எங்கிருந்து எப்படி வந்தது என்று பார்ப்பது இன்னொரு சோதனை. இரண்டாவதைத்தான் இங்கே பழகப்போகிறோம்.

போகுமுன்: நாளைப் பாருங்கள்

கடல் வீட்டு வாசலில் கிடப்பதால் தட்டில் விழுவதெல்லாம் நம்மட கடல் மீன் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நாட்காட்டியைப் பார்த்தாலே பாதி விடை தெரிந்துவிடும்.

வாடைக் காலத்தில், அதாவது ஏறத்தாழ நவம்பர் முதல் பெப்ரவரி வரை, கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சிறு தோணிகள் கரையிலேயே கிடக்கும். அந்த நாள்களில் சந்தையில் மீன் குவிந்திருந்தால் அதில் பெரும்பங்கு மேற்குக் கரையிலிருந்தோ தெற்கிலிருந்தோ லொறியில் வந்தது. மார்ச் முதல் ஒக்டோபர் வரை நிலைமை மாறும். மேற்கில் சோழகம் வீசும்போது கிழக்கில் கடல் அடங்கிக் கிடக்கும், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள்கூடக் கிழக்குக் கரைக்கு வந்து வாடி போட்டுத் தொழில் செய்வார்கள். கீரி மீனும் சூரையும் நம் கரையிலேயே மலிவாகக் கிடைக்கும் காலம் அது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாள். முஸ்லிம் ஊர்களின் தோணிகள் பெரும்பாலும் இறங்காது. அன்று "இப்ப இறங்கின மீன்" என்று யாராவது கூவினால் எந்தக் கரையில் இறங்கியது என்று கேட்பதில் தவறில்லை. பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழ் ஊர்க் கரைகளிலிருந்து வந்திருக்கலாம், அது நல்ல மீனாகவும் இருக்கலாம். வியாழன் மீனுக்கு வெள்ளி விலை கொடுக்காமல் இருப்பதற்கே இந்தக் கேள்வி.

இன்னொன்று. நம் ஊர்ப் பல நாள் போட்டுகள் பிடிக்கும் மீனே நேராக நம் ஊருக்கு வருவதில்லை. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகம் இந்தக் கரையின் மீனவர்களுக்கு வாய்த்திருக்க வேண்டியது. வாயிலில் மணல் மூடியதால் போட்டுகள் நுழைய முடியாமல் போயிற்று. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்து, ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களும் கரைவலை இழுக்கும் இடங்களும் கடலுக்குள் போயின. அதனால் கல்முனை, சாய்ந்தமருது முதலாளிமாரின் பல நாள் போட்டுகள் பல, மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனையில்தான் மீனை இறக்குகின்றன. அங்கிருந்து ஐஸ் போட்டு லொறியில் வருகிறது. ஆள் நம்மூர், போட் நம்மூர், மீன் மட்டும் வெளியூர் வழியாக வருகிறது.

படகு எண்ணை வாசிக்கப் பழகுங்கள்

கரைக்கோ துறைமுகத்துக்கோ நேரில் போய் வாங்குபவருக்கு இது மிகவும் பயன்படும். பதிவுசெய்த ஒவ்வொரு படகின் பக்கத்திலும் ஆங்கில எழுத்தில் ஓர் எண் இருக்கும்.

1. தொடக்க எழுத்துகள் படகின் வகையைச் சொல்லும். "ஐ.எம்.யு.எல்" என்றால் உள்ளிணை இயந்திரம் பூட்டிய பல நாள் போட். "ஓ.எஃப்.ஆர்.பி" என்றால் வெளியிணை இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகு, பெரும்பாலும் இரவு போய்க் காலையில் திரும்புவது.
2. கடைசி மூன்று எழுத்துகள் பதிவான மீன்பிடி மாவட்டத்தைச் சொல்லும். "கே.எம்.என்" கல்முனை, "டி.சி.ஓ" திருகோணமலை, "என்.பி.ஓ" நீர்கொழும்பு, "டி.எல்.ஈ" தங்காலை. நிர்வாகத்தில் நாம் அம்பாறை மாவட்டம், கடற்றொழில் திணைக்களத்துக்கோ கல்முனை மாவட்டம்.
3. எண்ணே இல்லாத படகு, எண் அழிக்கப்பட்ட படகு இரண்டிலிருந்தும் வாங்காதீர்கள்.

பல நாள் போட் மீன் என்றால் அது பட்டு ஒரு வாரம், இரண்டு வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகியிருக்கும். அதற்காக அது கெட்ட மீன் இல்லை. ஒழுங்காக ஐஸ் போட்ட இரு வார மீன், மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஐஸ் இல்லாமல் நண்பகல் வரை சுற்றிய அன்றைய மீனைவிடப் பாதுகாப்பானது.

இந்தப் போட்டுகளில் பயணப் பதிவேடும் செய்மதிக் கண்காணிப்புக் கருவியும் வந்ததற்கு ஒரு கதை உண்டு. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் தடை 2016 ஜூனில்தான் நீங்கியது. வெளிநாட்டுக்காரன் கேட்டபோது பதிவேடு வந்தது. உள்ளூர் வாடிக்கையாளராகிய நாம் இன்னும் கேட்கவில்லை என்பதே என் குறை.

சந்தையில் ஏழு படிகள்

1. உடனே கையை வைக்காதீர்கள். தட்டு முழுவதையும் ஒரு முறை பாருங்கள். ஒரே அளவில் ஒரே மீன் நிறைய இருந்தால் லொறி மீனாக இருக்கக்கூடும். காரல், நெத்தலி, கும்பளா, குட்டி நண்டு எல்லாம் கலந்து கிடந்தால் கரைவலை மீனாக இருக்கக்கூடும்.

2. இடத்தைக் கேளுங்கள். உறவு முறை சொல்லிக் கேட்டால் பதில் இலகுவாக வரும்.
"காக்கா, இந்தப் பாரை எங்கத்த?"
"நம்மட கடல்தான் தம்பி."
"நம்மட கடலெண்டா? சாய்ந்தமருதா, பாலமுனையா?"
"இது போட்டு மீன். வாழைச்சேனையில இருந்து காலத்தால வந்த."
இரண்டாவது கேள்வியில்தான் உண்மை வருகிறது. முதல் பதிலோடு நின்றுவிடுவதே பலர் செய்யும் தவறு.

3. வலையைக் கேளுங்கள்: கரைவலையா, விடுவலையா, தூண்டிலா?

4. பதிலை மீனின் உடம்போடு ஒத்துப் பாருங்கள். விடுவலையில் பட்ட மீனுக்குச் செவுளுக்குப் பின்னால் சுற்றிவர வலை வெட்டிய தடம் இருக்கும். தூண்டில் மீனுக்கு வாயிலோ தாடையிலோ துளை இருக்கும். கரைவலை மீனில் தடம் இருக்காது, செதில் உதிர்ந்திருக்கும். மேலே மணல் ஒட்டியிருப்பதை மட்டும் சான்றாக எடுக்காதீர்கள். மணலைப் பிறகும் தூவலாம்.

5. இப்போது கண், செவுள், தசை. மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். கண் குழிந்து, செவுள் வெளுத்து, தசை மட்டும் ரப்பர் போல விறைத்திருந்தால் விட்டுவிடுங்கள். பக்கத்துத் தட்டை மொய்க்கும் ஈ இந்தத் தட்டுக்கு மட்டும் வராவிட்டாலும், மூக்கைச் சுரண்டும் மருந்து நெடி வந்தாலும் விட்டுவிடுங்கள். 2018இல் கேரளத்தில் "சாகர் ராணி" என்ற பெயரில் நடந்த சோதனையில் ஃபோர்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. பிணத்தைப் பதப்படுத்தும் இரசாயனம் அது. கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

6. தராசைப் பாருங்கள். அரசாங்க முத்திரை இருக்கிறதா, தட்டில் தண்ணீரோ ஐஸ் கட்டியோ கிடக்கிறதா, வெறும் தட்டில் முள் பூச்சியத்தில் நிற்கிறதா? அளவையில் குறைப்பவரைப் பற்றிக் குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது என்பது வியாபாரிக்கும் தெரியும். அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை, முள்ளைப் பார்த்தால் போதும்.

7. வெட்டக் கொடுத்துவிட்டு மரக்கறி வாங்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். காரணம் அடுத்த பகுதியில்.

வெடி மீனைக் கண்டுபிடித்தல்

வெளியே இருந்து பார்த்து வெடி மீனைக் கண்டுபிடிப்பது கடினம். வெட்டும்போது தெரிந்துவிடும். வெடியின் அதிர்வு நீருக்குள் பரவி மீனை உள்ளேயிருந்து உடைக்கிறது. வெட்டுபவர் முதுகைப் பிளந்ததும் இவற்றைப் பாருங்கள்:

1. நடுமுள் முறிந்திருக்கிறதா?
2. முள்ளை ஒட்டிக் கறுத்த இரத்தம் கட்டியிருக்கிறதா?
3. காற்றுப்பை கிழிந்தும் குடல் கலங்கியும் இருக்கிறதா?
4. தசை முள்ளிலிருந்து தானாகக் கழன்று வருகிறதா?

கீழே விழுந்து அடிபட்ட மீனிலும் ஒன்று இருக்கலாம். இரண்டு, மூன்று சேர்ந்திருந்தால், அதிலும் வலைத் தடமோ தூண்டில் துளையோ இல்லாவிட்டால், சந்தேகத்துக்கு இடமில்லை. பாரை, கும்பளா போலக் கூட்டமாகத் திரியும் மீன்களில்தான் இதைக் கவனிக்க வேண்டும்.

வெடியும் நஞ்சும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. பிடித்தவர் மட்டுமல்ல, தெரிந்துகொண்டு விற்பவரும் குற்றவாளி. வெடி போட்டவருக்குக் கிடைப்பது மேலே மிதந்த மீன். அடியில் அமிழ்ந்தது, குஞ்சு, முட்டை, பாறையோடு ஒட்டி வாழும் உயிர் எல்லாம் கணக்கில் வராமல் அழிகின்றன. போடுபவரின் கையும் பல வேளை போகிறது. கடல் உயிர் ஹலால், அறுக்கவும் தேவையில்லை என்பதால் "இதில் என்ன ஹறாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மீனில் குற்றமில்லைதான். அடுத்தவன் வலைக்கு நாளை வரவேண்டிய மீனையும் சேர்த்துக் கொன்ற செயலில் குற்றம் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கும்போது அதில் நமக்கும் பங்கு வருகிறது.

கண்டுபிடித்தால் வியாபாரியோடு சண்டை போடாதீர்கள். அவரும் லொறியில் பெட்டியாக வாங்கியவராக இருக்கலாம். மீனைத் திருப்பிக் கொடுத்து, யாரிடம் எடுத்தார் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை அவரே அந்தப் பெட்டியை எடுக்கமாட்டார்.

எந்த வலை, என்ன முடிவு?

கடலின் அடியைச் சுரண்டிச் செல்லும் இழுவை மடி 2017இல் சட்டத் திருத்தத்தால் இலங்கையில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தங்கூசி வலைக்கும் டிஸ்கோ வலைக்கும் தடை உண்டு. தங்கூசி நைலோன் இழை, அறுந்து கடலில் கிடந்தாலும் உக்காது, யாரும் எடுக்காத மீனை ஆண்டுக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்றிலும் பட்டது என்று தெரிந்தால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு இறங்கினாலும்.

கரைவலைதான் சிக்கலானது. அது குஞ்சையும் அள்ளிக்கொண்டு வருகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு வலையை இழுக்க இருபது முப்பது பேர் கயிறு பிடிக்கிறார்கள், வருமானம் பங்காகப் பிரிகிறது, மீன் மணலில் இறங்கிய சிறிது நேரத்தில் உங்கள் பையில் இருக்கிறது. எண்ணெய்ச் செலவும் குறைவு. என் தீர்ப்பு: கரைவலை மீனை வாங்குங்கள், ஆனால் தெரிந்தெடுங்கள். கீரி, சூடை, நெத்தலி, காரல் எல்லாம் வளர்ந்தாலும் சிறியவைதான். அவற்றைத் தாராளமாக வாங்கலாம். விரலளவில் கிடக்கும் பாரைக் குஞ்சையும் அறுக்குளாக் குஞ்சையும் கூறாக வாங்காதீர்கள். பொரித்தால் மொறுமொறுப்பாக இருக்கும்தான்.

சூரை வேகமாக இனம் பெருக்கும் மீன். மாலைதீவில் வலை போடாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். சம்பலுக்கு மாசி வாங்கும்போது அங்கிருந்து வந்ததா என்று கேட்பது பயனுள்ளது.

தொடவே கூடாதவை

- கடலாமை இறைச்சி, ஆமை முட்டை, டொல்பின், கடற்பசு. விற்பதும் வாங்குவதும் குற்றம்.
- வால் உடம்பளவு நீண்ட சுறா. அதன் மூன்று இனங்களும் 2012 முதல் தடை. புள்ளிகள் கொண்ட திமிங்கிலச் சுறாவுக்கும் தடை. துண்டாக வெட்டியபின் எந்தச் சுறா என்று கண்டுபிடிக்க முடியாது, ஆகவே சுறாவை முழுதாகப் பார்க்காமல் வாங்காதீர்கள்.
- வயிற்றின் அடியில் முட்டைக் கொத்து ஒட்டிய சிங்கி இறால். முட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பதும் உண்டு. அடிப்பக்கத் தூவிகள் பிய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.
- பேத்தை. இது நீதிக்காக அல்ல, உயிருக்காக. அதன் நஞ்சு சமைத்தாலும் பொரித்தாலும் போகாது, மாற்று மருந்தும் இல்லை. தலையும் தோலும் நீக்கிய பெயர் தெரியாத மீன் துண்டை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

*குறிப்பு:* பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பெரிய சுறாவின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். உள்ளிச் சரக்கு அப்படியே இருக்கட்டும், சுறாவுக்குப் பதில் கீரியோ காரலோ போட்டு ஆணம் வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில்

சூரை, வளையா, கும்பளா, கீரி நான்கிலும் ஓர் ஆபத்து உண்டு. வெயிலில் இருந்தால் இவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. மணத்திலும் நிறத்திலும் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். ஒருமுறை உருவாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் அழியாது, உறைய வைத்தாலும் அழியாது.

1. மீனைக் கடைசியாக வாங்குங்கள். சந்தை வேலை எல்லாம் முடிந்தபின் மீன் கடை.
2. ரெஜிபோம் பெட்டியோ தடித்த பையோ கொண்டுபோங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு.
3. வீட்டில் உடனே குடல், செவுள் நீக்கிக் கழுவி, 4 பாகை செல்சியசுக்குக் கீழே வையுங்கள். மின்சாரம் போய்வரும் நாள்களில் அன்றைக்குச் சமைக்கும் அளவே வாங்குங்கள்.
4. வாயில் வைத்ததும் மிளகு கடித்தது போலக் கூசினால் துப்பிவிடுங்கள். சாப்பிட்டபின் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடித்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். பேத்தை சாப்பிட்டு உதடு மரத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990.

*குறிப்பு:* கெளிறு முள் குத்தினால் காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணி நேரமாவது அமிழ்த்தி வையுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால் வைத்தியரிடம் போங்கள்.

கடல் அல்லாதவை, சுருக்கமாக

திலாப்பியா 1952இல் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சேனநாயக்க சமுத்திரம் முதல் ஊர்க் குளங்கள் வரை பெருகியிருக்கிறது. வாடைக் காலத்தில் லொறி மீனுக்குப் பதில் இதை வாங்குவது நல்ல முடிவு. வளர்ப்பு இறால் பெரும்பாலும் புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. அங்கே கண்டற்காடு வெட்டிப் பண்ணை போட்ட வரலாறு உண்டு. வாவி இறால் கிடைக்கும்போது அதை வாங்குங்கள். டின்மீனில் எஸ்.எல்.எஸ். 591 முத்திரை, மீனின் பெயர், தயாரித்த நாடு, வடித்த எடை நான்கையும் பாருங்கள். "மீன்" என்று மட்டும் அச்சிட்ட டின்னைத் திருப்பி வையுங்கள்.

பேரம், முறைப்பாடு

கரையில் மீனவரிடம் நேரில் வாங்கும்போது ஐம்பது ரூபாவுக்காக இழுக்காதீர்கள். முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். தன் பங்கில் கிடைத்த நாலு மீனை உங்களுக்கு விற்பதில்தான் அவருக்குக் கையில் காசு வருகிறது. கடையில் பேரம் பேசுங்கள், அது வேறு.

பழுதான மீன், மருந்து நெடி என்றால் உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் சொல்லுங்கள். மீதி மீனை ஐஸில் வைத்துக்கொண்டு போங்கள், வெறும் வாய்மொழி போதாது. வெடி மீன், தடைசெய்த வலை, தடைசெய்த உயிர் என்றால் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் கல்முனை மாவட்ட அலுவலகம். விலை, பொதி, டின் தொடர்பாகப் பாவனையாளர் அதிகார சபையின் 1977. நாள், நேரம், கடையின் இடம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். இல்லாவிட்டால் முறைப்பாடு பதிவாகும், பரிசோதகர் வரமாட்டார்.